ஏணியை விற்ற வெள்ளிக்கிழமை

திங்கட்கிழமை காலை வந்த பெட்டியில் ஏழு அச்சுகள் இருந்தன. முதல் ஆறும் பல்காரரை ஒன்றும் செய்யவில்லை. ஏழாவதுதான் அந்த வாரத்தையே கெடுத்தது.

பல்காரர் பல் பிடுங்குகிறவர் அல்ல. பிடுங்குகிறவர்கள் ஊரின் நாலா மூலையிலும் பலகை மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நோயாளி வாயில் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து, ஒரு மாடியறையில், மெழுகில் வடிவம் பார்த்து, பீங்கான் மாவைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு வைத்து, சின்ன உலையில் சுட்டுப் பல் செய்து கொடுப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடங்களில் ஊரில் பாதிப் பேரின் சிரிப்பில் அவர் கை பட்டிருந்தது. சிரிக்கிறவர் யாரென்று மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் வெளியே சொல்லக் கூடாது. “இங்க வர்ற பல்லுக்கெல்லாம் வாய் கிடையாது” என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஏழாவது அச்சு, மேல் வரிசை முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. கூடவே வந்த சீட்டில் இருந்த பெயரைப் பார்க்காமலே அவருக்கு அடையாளம் தெரிந்தது. அந்தப் பல் உடைந்ததை அவர் தன் கண்ணாலேயே பார்த்திருந்தார். மூன்று வாரத்துக்கு முன், கால்பந்து மைதானத்தின் வடக்குப் படிக்கட்டில் அவர் நின்றுகொண்டிருந்தபோது, எதிரணித் தடுப்பாட்டக்காரனின் முழங்கை பட்டு உடைந்த பல் அது. ஏணியின் பல்.

ஏணி அவர்கள் ஊர்க் கால்பந்து கிளப்பின் முன்கள ஆட்டக்காரன். ஆறடி நாலங்குலம். மற்றவர்கள் எம்பிக் குதிக்கும் இடத்தில் அவன் சும்மா நின்று தலையைக் கொடுப்பான், பந்து உள்ளே போய்விடும். போன பருவத்தில் கிளப் போட்ட நாற்பத்தொரு கோலில் இருபத்து மூன்று அவன் தலையாலோ காலாலோ போனவை.

சீட்டின் அடியில் பல் மருத்துவர் கிறுக்கியிருந்தார். வியாழன் மாலைக்குள் கட்டாயம் வேண்டும். சனிக்கிழமையிலிருந்து நோயாளி வேறு ஊரில் இருப்பார்.

பல்காரர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு அச்சைக் கையிலெடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கடைவாய்ப் பற்களின் மேடுகள் மழுங்கித் தட்டையாகக் கிடந்தன. இருபத்தாறு வயதுக்காரனின் வாயில் ஐம்பது வயதுத் தேய்மானம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்குத்தான் இப்படி ஆகும். போகப் போகிறோமே என்று கடித்தானா, போக விடமாட்டார்களோ என்று கடித்தானா, சம்பளம் வரவில்லையே என்று கடித்தானா, பிளாஸ்டரில் அது எழுதியிருக்கவில்லை.

அவரைக் குடைந்த விஷயம் வேறு. ஏணியை விற்பதற்கு ஒரு கையெழுத்து தேவை. அந்தக் கையெழுத்தைப் போட வேண்டியவர் பல்காரர். அவரை இதுவரை யாரும் கேட்கவே இல்லை.

அந்தக் கையெழுத்து அவர் தலையில் வந்து விழுந்த கதை நான்கு வருடம் பழையது. கிளப் அப்போது மூடும் நிலையில் இருந்தது. மின்கட்டணம் கட்டாததால் ஒரு ஆட்டம் பாதியில் இருட்டிப் போனது. அந்த வாரம் ரசிகர்கள் மூவாயிரம் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு கோடியே இருபது லட்சம் திரட்டிக் கிளப்புக்குக் கடனாகக் கொடுத்தார்கள். பதிலுக்கு ஒரு விதி எழுதி வாங்கினார்கள். கடன் அடைகிறவரை, ஒரு கோடிக்கு மேல் எந்த ஆட்டக்காரரை விற்றாலும் ரசிகர் சங்கப் பிரதிநிதி ஒப்பமிட வேண்டும். கடன் இன்னும் அப்படியே இருந்தது. விதியும் இருந்தது.

யார் பிரதிநிதி என்பதில்தான் அடிதடி. சங்கத் தலைவர் ஒரு பஸ் டிரைவர். அவர் நின்றால் தையல்கடைக்காரர் கோஷ்டி ஒத்துக்கொள்ளாது. தையல்கடைக்காரர் நின்றால் டிரைவர் கோஷ்டி மேசையைத் தட்டும். மூன்று கூட்டம் இப்படியே போனது. நான்காவது கூட்டத்தில் டிரைவர் எழுந்து, “பேசறவன் எவனையும் நம்ப முடியாதுப்பா, பேசிப் பேசியே நம்மள வித்துடுவான். பேசாத ஆளு ஒருத்தர் இருக்காரே, அவரப் போடுவோம்” என்று பின்வரிசையைக் கைகாட்டினார். இரண்டு கோஷ்டியும் கைதட்டியது. பல்காரர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று பார்த்தார். சுவர்தான் இருந்தது.

அவர் வாய் திறக்காததற்குக் காரணம் ஆழமும் இல்லை, அடக்கமும் இல்லை. ஒரு விஷயம் காதில் விழுந்து மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் கலைந்துவிடும். வீட்டுக்குப் போய்ப் பல் தேய்க்கும்போதுதான் கேட்க வேண்டிய கேள்வி ஞாபகம் வரும். இதை யாரிடமாவது சொல்லலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறார். எப்படி ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் நான்கு வருடம் ஓடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டயர் கடைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் கூட்டம். பழைய டயர்களை அடுக்கி அதன்மேல் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஆறு கோடின்னு பேப்பர்ல போட்டிருக்கான்” என்றார் டிரைவர்.

“பேப்பர்காரனுக்கு என்ன, அவன் வீட்டுக் காசா” என்றார் தையல்கடைக்காரர். “எனக்கு வந்த சேதி மூணு கோடி. அதுவும் தவணையில.”

“தவணையில வாங்க அவன் என்ன தையல் மெஷினா?”

“உங்களுக்கு நக்கலா இருக்கு. ஏணிய வித்துட்டு அடுத்த வருஷம் எதுல ஏறப் போறீங்க? போன குளிர்காலத்துல ரெண்டு ஆட்டக்காரங்கள வாங்குனாங்களே. ஒருத்தன் முட்டியப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவன் இன்னும் எந்திரிக்கல. இன்னொருத்தன் முகம்கூட நான் பார்த்ததில்ல. அவங்கள எந்தக் காசுல வாங்குனாங்க, கேட்டீங்களா?”

“நான் ஏன் கேட்கணும்? பிரதிநிதி நீங்களா நானா? பல்காரர்தானே.” டிரைவர் திரும்பினார். “அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?”

எல்லாரும் பார்த்தார்கள். பல்காரருக்குச் சட்டைப் பையில் இருந்த சீட்டு நெஞ்சைச் சுட்டது. சனிக்கிழமையிலிருந்து வேறு ஊர். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் இவர்கள் விற்கலாமா வேண்டாமா என்று விடிய விடியச் சண்டை போடுவார்கள், விற்றுத் தீர்ந்த ஒன்றுக்காக. ஆனால் விற்றுத் தீர்ந்துவிட்டதா? தன் கையெழுத்து இல்லாமல் எப்படித் தீரும்? ஒருவேளை மருத்துவர் தப்பாக எழுதியிருந்தால்? ஏணி உறவினர் வீட்டுக்குப் போவதாக இருந்தால்?

“பார்ப்போம்” என்றார்.

“பார்த்தீங்களா” என்றார் டிரைவர் கூட்டத்தைப் பார்த்து, பெருமையாக. “எதையோ மனசுல வச்சிருக்காரு. வெள்ளிக்கிழமை பாருங்க, அவனுங்களுக்குத் தண்ணி காட்டப் போறாரு.”

புதன்கிழமை கிளப்பிலிருந்து விற்பனைக் காகிதங்கள் வந்தன. நாற்பத்தொரு பக்கம். ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதித்த காலம் வெள்ளி மாலை ஐந்து மணியோடு முடிவதால், வெள்ளி காலை பதினோரு மணிக்கு அலுவலகத்துக்கு வரும்படி மேலே ஒரு கடிதம்.

பல்காரரின் மனைவி தபால் நிலையத்தில் கவுண்டரில் வேலை பார்ப்பவர். படிவம் என்றால் பயம் கிடையாது. சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பி, பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போனார்.

“என்னங்க, இங்க நாலு கோடின்னு இருக்கு. பதினேழாம் பக்கத்துல ஆறுன்னு இருக்கு.”

“ஆறா?”

“அவன் அங்க போய் இருபது கோல் போட்டு, அந்த கிளப் மேல் டிவிஷனுக்கும் போனா ஆறு. போகலைன்னா நாலு. இங்க பாருங்க, முப்பதாம் பக்கம். ஒரு கோடின்னு இருக்கு.”

“அது என்ன?”

“இந்த வருஷம் குடுக்கிறது. நாலு வருஷத்துக்கு வருஷம் ஒரு கோடி.” அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். “நம்ம கவுண்டர்ல எவனாவது இப்படி மணியார்டர் எழுதிட்டு வந்தா, வெளிய போய் நல்லா யோசிச்சு எழுதிட்டு வாப்பான்னு அனுப்பிடுவேன்.”

குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. மனைவி எழுந்துபோய் அதை இறுக்கிவிட்டு வந்தார்.

“தம்பி வீட்டுல நேத்து கேஸ் தீர்ந்துபோச்சாம்” என்றார், காகிதத்தைப் பார்த்தபடி. “நான் ஒண்ணும் சொல்லல. கேள்விப்பட்டதச் சொன்னேன்.”

தம்பி என்றது அவர் உடன்பிறந்தவரை. பல்காரரின் மச்சினன். கிளப் மைதானத்தில் புல் பார்க்கும் வேலை. மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. மைதான வேலைக்காரர்கள், வாசல் காவல்காரர்கள், சட்டை துவைக்கிறவர்கள் என்று முப்பது பேருக்கும் அதே கதை. ஏணியை விற்றால் சம்பளம் வரும் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். விற்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. சொல்லாததும் எல்லாருக்கும் கேட்டிருந்தது.

“நான் கையெழுத்துப் போடணும்னு சொல்றியா?”

“நான் எங்க சொன்னேன்? உங்க கிளப், உங்க ஏணி, உங்க கையெழுத்து. எனக்கு அதுல என்ன வந்துச்சு?” அவர் காகிதங்களைத் தட்டி அடுக்கிய சத்தத்தில் எல்லாமே வந்திருந்தது.

வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் பல் முடிந்தது. வழக்கத்தைவிட நன்றாக வந்திருந்தது அவருக்கே எரிச்சலாக இருந்தது. அதைப் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு மைதானத்துக்குப் போனார்.

மச்சினன் வடக்குக் கோல் வாசலில் மண்டியிட்டு, ஆட்டக்காரர்களின் காலணி கிழித்த இடங்களில் மணலும் விதையும் கலந்து நிரப்பிக்கொண்டிருந்தான். முழங்காலுக்குக் கீழே மடித்த சாக்கு. பக்கத்தில் வாளி.

“வாங்க மாமா. கவர்னரப் பேசற மாதிரி எல்லாரும் உங்களப் பத்தித்தான் பேசறாங்க.”

“சம்பளம் இல்லாம வேலை பார்க்கிறியே மாப்ள.”

“சம்பளம் வரலன்னு புல்லுக்குத் தெரியுமா? அது பாட்டுக்கு வளருது.” ஒரு பிடி மணலைத் தூவி உள்ளங்கையால் அமுக்கினான். “அன்னைக்கு ஏணி வந்து இங்க நின்னான். ரொம்ப நேரம். கோல் கம்பத்தத் தொட்டுப் பார்த்துட்டுப் போயிட்டான். எனக்கு அப்பவே சந்தேகம்.”

பல்காரர் அவனைப் பார்த்தார். இருபது வருடமாக இந்தக் கிளப்பின் ஒரு ஆட்டத்தைக்கூடத் தவறவிடாதவன். கல்யாணத்தன்று சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு இலைக்கு அடியில் ரேடியோ வைத்துக் கேட்டவன். அக்கா அதற்காக இன்னும் திட்டுவார்.

“நாளைக்குக் கூப்பிட்டிருக்காங்க” என்றார்.

“தெரியும்.” மச்சினன் நிமிராமலே சொன்னான். “அக்கா ஏதாவது சொன்னாளா?”

“இல்ல.”

“சொல்லியிருப்பா. இங்க பாருங்க மாமா, என்னைய நெனச்சு எதையும் செஞ்சு வச்சுடாதீங்க. கேஸ் இல்லைன்னா மின்சார அடுப்பு இருக்கு. கிளப்புக்கு எது நல்லதோ அதச் செய்யுங்க.”

“கிளப்புக்கு எது நல்லது?”

மச்சினன் அப்போதுதான் நிமிர்ந்தான். கையிலிருந்த மணல் விரலிடுக்கில் ஒழுகியது. “அது உங்களுக்குத் தெரியும்னுதானே நாங்க எல்லாரும் நிம்மதியா இருக்கோம்” என்றான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கிளப் அலுவலகத்தின் இரண்டாம் மாடி. நீள மேசை, சுவரில் பழைய அணிகளின் புகைப்படங்கள், ஓடாத மின்விசிறி. கிளப்பின் கணக்கு அதிகாரி முப்பத்தைந்து வயதுப் பெண். எல்லாரும் கணக்கு மேடம் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கிளப் தலைவர் ஊரில் இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். பேனாவை மூடி கழற்றிக் காகிதத்தின்மேல் வைத்தார்.

“படிச்சிருப்பீங்க சார். நேரடியான விஷயம்தான். கடைசிப் பக்கத்துல போட்டாப் போதும்.”

பல்காரர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். நேரடியான விஷயத்துக்கு நாற்பத்தொரு பக்கம் எதற்கு என்று கேட்க நினைத்தார். அதைக் கொஞ்சம் மரியாதையாக எப்படிக் கேட்பது என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

மேடம் நாற்காலியில் அசைந்தார். “நாலு கோடிங்கிறது குறைச்சல்னு நினைக்கிறீங்களா சார்? சந்தை அப்படி இருக்கு.”

சந்தை என்றதும், மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி இவனுக்கும் யாராவது பார்த்திருப்பார்களா, பார்த்தது நான் மட்டும்தானா என்று பல்காரரின் மனம் எங்கோ போய்விட்டது.

“சரி சார்” என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி. “நீங்க எதக் கேட்க வர்றீங்கன்னு புரியுது. முழுசா நமக்கு வராது, உண்மைதான். இந்த வருஷம் வர்ற ஒரு கோடியில, ஏணிய நமக்கு வித்த பழைய கிளப்புக்கு அஞ்சுல ஒரு பங்கு. இருபது லட்சம். நடுவுல பேசி முடிச்ச ஏஜெண்டுக்கு நாப்பது. அவர் தவணைக்கு ஒத்துக்கல.”

மீதி நாற்பது லட்சம் என்று பல்காரர் மனத்துக்குள் கணக்குப் போட்டார். போட்ட கணக்கு சரியா என்று இன்னொரு தடவை போட்டார். அதற்குள் அறையில் ஒரு நிமிடம் போனது. கீழே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தைக் கிளப்பி, அது கிளம்பாமல் இருமி நின்றது.

“அடுத்த மூணு வருஷத்துப் பணமா?” என்றார் மேடம், அவர் கேட்காத கேள்வியைப் பிடித்துக்கொண்டு. கழுத்தில் இருந்த அடையாள அட்டையை விரலில் சுற்றினார். “சார், நான் வர்றதுக்கு முன்னாடி நடந்தது அது. ஏணிய எப்படியும் விப்போம்னு சொல்லி, வரப்போற பணத்தக் காட்டி, ஒரு நிதி நிறுவனத்துல போன குளிர்லயே ரெண்டு கோடி வாங்கிட்டாங்க. அதுலதான் அந்த ரெண்டு பேர வாங்குனது. அடுத்த மூணு தவணையும் நேரா அங்க போயிடும்.”

பல்காரருக்கு முதன்முறையாக ஏதோ கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. உடனே அது கலங்கியது. ஏணிக்குத் துணையாக ஆள் வாங்க ஏணியையே அடகு வைத்திருக்கிறார்கள். அப்படியானால் போன குளிரிலிருந்து அவர் படிக்கட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தியது யாருக்காக? அவன் அப்போதே இவர்களுடையவன் இல்லையா? போட்ட கோல்கள் யார் கணக்கில்?

“போடலைன்னா?” என்றார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை. மேடம் திடுக்கிட்டார்.

“போடலைன்னா விற்பனை நிக்கும். நிதி நிறுவனம் ரெண்டு கோடியையும் உடனே கேட்கும். குடுக்க முடியாது. டிக்கெட் வசூல அவங்க எடுத்துக்கலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு.”

“போட்டா?”

“சம்பள பாக்கி மொத்தம் தொண்ணூறு லட்சம். ஆட்டக்காரங்களுக்கு அறுபது, மத்தவங்களுக்கு முப்பது. கையில நாப்பது இருக்கும்.” அவர் புன்னகைக்க முயன்றார். “மீதிய ஏதாவது செய்யணும்.”

“என்ன செய்வீங்க?”

“தெரியல சார்.”

இந்த வார்த்தை பல்காரரை என்னவோ செய்தது. மேசைக்கு அந்தப் பக்கமும் ஒருவர் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். விற்றாலும் போதவில்லை, விற்காவிட்டாலும் போதவில்லை. மூவாயிரம் பேர் கடனைப் பற்றி இதில் எந்தப் பக்கத்திலும் ஒரு வரி இல்லை. இப்போதுதான் அது உறைத்தது. கேட்கலாமா? கேட்டால் கையெழுத்தை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் டிக்கெட் பணம் போகும். டிக்கெட் பணம் போனால் மச்சினன் சம்பளம் எந்தக் காலத்திலும் வராது. போட்டால் வருமா? நாற்பதில் முப்பது போகும் என்று யார் சொன்னது? அறுபது லட்சத்துக்காக ஆட்டக்காரர்கள் முதலில் நின்றால் நாற்பதும் அங்கேயே தீரும்.

பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். மேடம் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்.

பல்காரர் பேனாவை எடுத்தார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பல்லின் நிற எண்ணை எழுதும் அதே பொடி எழுத்தில், இந்த வருடம் கையில் நிற்கும் பணத்தில் மைதான ஊழியர் முப்பது பேரின் பாக்கி முதலில் தீர்க்கப்படும் என்று எழுதினார். காகிதத்தைத் திருப்பி வைத்தார்.

மேடம் படித்தார். “சரி சார்” என்று உடனே சுருக்கொப்பம் போட்டார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

அந்த வேகம்தான் பல்காரரை அடியோடு குழப்பியது. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறார் என்றால், இன்னும் நிறையக் கேட்டிருக்கலாமோ? இல்லை, ஓரத்தில் கையால் எழுதியதற்கு மதிப்பே கிடையாதோ? கேட்க வேண்டும் என்று நினைத்தபோது அவர் தன் பெயரைப் பாதி எழுதியிருந்தார். பாதியில் நிறுத்துவது அசிங்கமாகப் பட்டது. மீதியையும் எழுதினார்.

கீழே வாசலில் இருநூறு பேர் நின்றார்கள். டிரைவர் வேலைச் சட்டையோடு வந்திருந்தார். மச்சினன் புல் ஒட்டிய முழங்காலோடு ஓரமாக நின்றான்.

“அண்ணே, என்ன ஆச்சு?”

“போட்டுட்டேன்” என்றார் பல்காரர்.

ஒரு முணுமுணுப்பு ஓடியது. யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். டிரைவர் கையை உயர்த்தினார்.

“இருங்கப்பா, இருங்க. பல்காரர் சும்மா போடுற ஆளா? ஏதோ வாங்கிட்டுத்தான் போட்டிருப்பாரு. காரணம் இல்லாம இருக்காது.”

தலைகள் ஆடின. கோபம் வந்த வழியே திரும்பிப் போவதைப் பல்காரர் கண்ணால் பார்த்தார். இப்படியே விட்டுவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். வழக்கமாக அப்படித்தான் போவார்.

“இல்ல” என்றார். “எனக்கு ஒண்ணும் புரியல. நாலு வருஷமாவே புரியல. இன்னைக்கும் புரியாமதான் போட்டேன்.”

கூட்டம் சிரித்தது. “பார்த்தியா தன்னடக்கத்த” என்றார் தையல்கடைக்காரர்.

“சிரிக்காதீங்க” என்றான் மச்சினன். எல்லாரும் திரும்பினார்கள். அவன் முகம் சிவந்திருந்தது. “அவர் பொய் சொல்லமாட்டாரு. உள்ள என்ன எழுதிக் குடுத்தீங்க மாமா?”

“உங்க முப்பது பேரு சம்பளம் முதல்ல போகணும்னு.”

“அவ்வளவுதானா?”

“அது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுது.”

“என் சம்பளத்துக்கா ஏணிய வித்தீங்க? நான் கேட்டேனா? நேத்தே சொன்னேனே.” முழங்காலில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டான். “ஏணி இல்லாம அடுத்த வருஷம் கீழ் டிவிஷன். அங்க புல்லுக்கு ரெண்டே ஆளு. நான் அந்த ரெண்டுல ஒருத்தனா இருப்பேனா? அது தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாது மாப்ள.”

யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பல்காரர் மாடியில் கேட்டதை எல்லாம் சொன்னார். ஒரு கோடி, இருபது, நாற்பது, குளிரில் வாங்கிய இரண்டு, மூவாயிரம் பேர் கடனுக்கு இல்லாத வரி. தட்டுத் தடுமாறி, முன்பின்னாக, இரண்டு தடவை திருத்தி. இவ்வளவு நீளமாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. முடித்தபோது சிலர் போய்விட்டிருந்தார்கள். ஒருவர் சங்க அட்டையை டிரைவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

“அப்ப நம்ம கடன்?” என்றார் தையல்கடைக்காரர்.

“கேட்கல. கேட்டிருக்கணும்.”

டிரைவர் அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். “அடுத்த தடவை எங்களையும் மேல கூட்டிட்டுப் போங்க” என்றார் கடைசியில். “நீங்க ஒருத்தரே புரியாம உட்கார்ந்திருக்கிறதுக்கு, எல்லாரும் சேர்ந்து புரியாம உட்காரலாம்.” அதில் கேலி எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று பல்காரருக்குப் பிடிபடவில்லை.

சாயங்காலம் ஐந்தரை மணி பஸ்ஸில் மச்சினனும் ஏறினான். இரண்டு வரிசை தள்ளி முன்னால் உட்கார்ந்தான். அவன் பிடரியில் ஒரு புல் துணுக்கு ஒட்டியிருந்தது. பல்காரர் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். எடுத்துவிட வேண்டும் போல் இருந்தது. எழுந்திருக்கவில்லை.

மூன்றாவது நிறுத்தத்தில் மச்சினனின் போன் அதிர்ந்தது. அவன் பார்த்தான். மறுபடி பார்த்தான். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினான். மூன்று மாதச் சம்பளமும் வங்கிக் கணக்கில் ஏறியிருந்தது. கடைசிப் பைசா வரை.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு நிறுத்தத்தைக் கடந்தார்கள்.

“மாமா, வாங்குறவங்க முதல் தவணை எப்பக் குடுப்பாங்க?”

“பத்து நாள்னு போட்டிருந்துச்சு.”

“நீங்க கையெழுத்துப் போட்டு ஆறு மணி நேரம்கூட ஆகல.”

“ஆமா.”

“அப்ப இது எங்க இருந்து வந்துச்சு? முன்னாடியே இருந்துச்சா? இருந்தா ஏன் குடுக்கல? உங்க வரிக்காகக் குடுத்தாங்களா, இல்ல போட்டாலும் போடாட்டாலும் இன்னைக்கு வந்திருக்குமா?”

பல்காரர் யோசித்தார். ஒவ்வொரு பதிலுக்கும் பின்னால் இன்னொரு கதவு இருந்தது, அதைத் திறந்தால் இன்னும் இருட்டான அறை. மேடம் சரி என்று சொன்ன வேகத்தை நினைத்தார்.

“தெரியல மாப்ள.”

பஸ் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மச்சினன் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், தவறி விழுந்துவிடும் என்பது போல.

“சந்தோஷப்படலாமா மாமா?” என்றான். நிஜமாகவே கேட்டான். முகத்தில் கோபமும் இன்னும் இருந்தது.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் ஜன்னலுக்கு வெளியே வந்தது, மெதுவாகப் பின்னால் போனது. இருவரும் மணியடிக்கவில்லை.

“இன்னைக்குப் பட்டுக்கோ” என்றார் பல்காரர். “திங்கட்கிழமை போய்க் கேட்போம்.”